ஏழாம் அத்தியாயத்தில் கீழே இறங்கிய இரண்டு

போன மாதம் பணி ஓய்வு பெற்றேன். அதற்கு முந்தைய வாரம் எங்கள் பிரிவுப் பிள்ளைகள் நான்கு பேர் என் மேசைக்கு வந்து, நம்பர் போட்டுப் பார்க்கும் வேலையைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். புது மென்பொருள் வந்திருக்கிறது. அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால் கணிதச் சூத்திரங்களை அதுவே எளிய வரிகளாக எழுதிவிடுகிறது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, பக்கத்தில் கோப்பின் பெயரைத் தட்டி, என்டரை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் வேலை இனி இல்லை. ஆனால் வந்த வரி சரிதானா என்று பார்க்கும் வேலை அப்படியே இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். உட்கார்ந்து எழுதும்போது, ஒரு நாள் அதைச் செய்யாமல் விட்டதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் திருவொற்றியூர்க்காரன். பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு தண்டையார்பேட்டையில் ஒரு மாடியில் இயங்கிய பக்க அமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டுக் கணித இதழ்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கும் வேலை. பின்னக் கோடு எவ்வளவு நீளம், மூலக் குறியின் கூரை எதுவரை, அடுக்கு எண் எழுத்தின் தோளில் எவ்வளவு உயரத்தில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் மூன்று மாதத்தில் கை பழகிவிட்டது. பிறகு முப்பது வருடம் அதையேதான் செய்தேன். அந்த முப்பது வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சூத்திரத்தை அழகாக நிற்க வைப்பது எங்கள் தொழில்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நிறுவனத்தில் புதிய பிரிவு ஒன்றைத் தொடங்கி என்னை அங்கே மாற்றினார்கள். அழகாக நிற்க வைத்த சூத்திரத்தை ஒரே வரியில் படுக்க வைக்கும் வேலை. பார்வையில்லாத மாணவர்களுக்குக் கணினி வாசித்துக் காட்டுகிறது. அதற்கு மேலே கீழே என்று எதுவும் தெரியாது, இடமிருந்து வலமாக ஒரு வரிதான் தெரியும். குறுஞ்செய்தியும் அப்படித்தான். ஆகவே அச்சில் மாடியும் கீழ்த்தளமுமாக நிற்கிற சூத்திரத்தை, அடைப்புக்குறிகளும் பெருக்கல் குறிகளும் சேர்த்து, பொருள் மாறாமல் ஒரு வரியாக ஆக்க வேண்டும். ஒரு கட்டளைக் கருவி அந்த மாற்றத்தைச் செய்யும். அது செய்ததைச் சரிபார்ப்பது எங்கள் பொறுப்பு.

பெரம்பூரில் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். பிறவியிலேயே பார்வை கிடையாது. எங்கள் கோப்புகளைக் கேட்டுப் பார்த்துக் குறை சொல்வதற்காக அவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் மாதமே தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், உங்க பின்னம் உள்ள போச்சு, வெளிய வரவேயில்ல. வாசப்படி வச்சீங்களா இல்லியா?" என்று கேட்டார். பின்னத்தின் தொகுதிக்கும் பகுதிக்கும் நாங்கள் அடைப்புக்குறி போடவில்லை. பின்னம் எங்கே முடிகிறது என்று காதால் கேட்பவருக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தானாகப் புரிகிற விஷயம் வரியில் தானாக வராது என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

பிரிவின் தலைவி சகாயமேரி. காசிமேட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். அலுவலகத்தில் மற்றவர்கள் எல்லாம் பேச்சை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவோம். அவர் வீட்டில் பேசுகிற மாதிரியேதான் மேலாளரிடமும் பேசுவார். அவருடைய பழக்கம் ஒன்று எல்லாரையும் நடுங்க வைக்கும். நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். திரையைப் பார்க்கவே மாட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நம்பர் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்பார். போட்டேன் என்றால் போய்விடுவார். போடவில்லை என்றால் அங்கேயே நிற்பார்.

நம்பர் போடுவது என்பது இதுதான். இடது கைப்பக்கம் அச்சுப் பக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும். சூத்திரத்தில் முதல் எழுத்துக்கு மூன்று, இரண்டாவதற்கு ஐந்து, மூன்றாவதற்கு ஏழு என்று வைத்து, தாளில் கையால் கணக்குப் போட வேண்டும். பிறகு கறுப்புத் திரையில் இன்னொரு கட்டளை. கருவி எழுதிய வரியில் அதே எண்களைப் போட்டு அது ஒரு விடை சொல்லும். பக்கத்துப் பக்கத்தில் குறியில்லாமல் நிற்பவற்றைப் பெருக்கல் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு விடையும் ஒன்றானால் தாளில் ஒரு டிக். அதற்குப் பக்கத்தில், போட்ட எண்கள் என்று ஒரு கட்டம். அதையும் நிரப்ப வேண்டும். கீழே சரிபார்த்தவர் கையெழுத்து, அதற்கும் கீழே சகாயமேரியின் கையெழுத்து.

ஏன் மூன்று, ஐந்து, ஏழு என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன். சுலபமாக ஒன்றும் இரண்டும் போடலாமே என்றேன்.

"ஒண்ணு இன்னா பண்ணாலும் ஒண்ணாவே கெடக்கும்ணே. ரெண்டு அத்தவிட மோசம். ரெண்டையும் ரெண்டையும் கூட்டுனா நாலு, பெருக்குனா நாலு, ரெண்டை அடுக்குல ஏத்துனாலும் நாலு. எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கறவன் அவன். அவன நம்பாதீங்க."

அதை ஒரு சீட்டில் எழுதி எல்லார் திரையிலும் ஒட்டினார். சீட்டில் இன்னொரு வரியும் உண்டு. கருவியில் ஒரு தட்டையாக்கும் கட்டளை இருந்தது. பழைய கைப்பேசிகளில் சில குறிகள் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால், விசைப்பலகையில் இல்லாத எழுத்தையெல்லாம் அருகிலுள்ள சாதாரண எழுத்தாக அது மாற்றிவிடும். எழுத்தின் தோளில் உட்கார்ந்திருக்கும் குட்டி இரண்டும் அதற்குச் சாதாரண இரண்டுதான், கீழே இறக்கி வைத்துவிடும். அதனால் முதலில் அடுக்குகளை விரித்து எழுதும் கட்டளை; அது d என்பதன் வர்க்கத்தை d*d என்று ஆக்கிய பிறகுதான் தட்டையாக்கல். சீட்டில், 'முதலில் விரி, பிறகு தட்டையாக்கு' என்று இருந்தது. ஏழு வருடம் அந்தச் சீட்டு என் கண் முன்னால் இருந்தது.

ஒரு பயிற்சி அமைப்பு, தொட்டிகளுக்குள் இறங்கி வேலை செய்பவர்களுக்கான கையேட்டைக் கொடுத்தது. எண்ணூர் பக்கமும் மணலி பக்கமும் எத்தனை தொட்டிகள் இருக்கின்றன என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே நிற்கிற வாயுவை ஊதி வெளியேற்றாமல் இறங்கினால் ஆள் திரும்ப மாட்டார். கையேட்டை அத்தியாயம் அத்தியாயமாக, பொத்தான் போன்களிலும் படிக்கும்படி, குறுஞ்செய்தி வரிகளாக அனுப்பத் திட்டம். ஏழாம் அத்தியாயம் என் பங்கு. தொட்டியின் கன அளவு எவ்வளவு, ஊதும் இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். முப்பத்தெட்டு சூத்திரங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை என் மகள் நந்தினிக்கு வேலையில் முதல் நாள். வேதியியல் டிப்ளமாவும் பாதுகாப்புப் படிப்பும் முடித்து, எண்ணூரில் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பாதுகாப்பு உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். எனக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த இடுக்கில் புகுந்து பேருந்து பிடிக்க வேண்டும். முழுக்க ஆண்கள் வேலை செய்கிற இடம் வேறு. மாலை ஐந்தரைக்கு அவள் இறங்கும் நிறுத்தத்தில் நான் நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வர வேண்டாம் என்று அவள் இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

நான்கு மணிக்கு ஏழாம் அத்தியாயத்தைத் திறந்தேன். கை வேகத்தில் தட்டையாக்கும் கட்டளையை முதலில் தட்டினேன். பிறகு அடுக்குகளை விரிக்கும் கட்டளை. அது ஓடி முடித்து, மாற்றங்கள் பூஜ்யம் என்று ஒரு வரி போட்டது. விரிக்க அதற்கு எந்த அடுக்கும் மிச்சமில்லை, எல்லாவற்றையும் ஏற்கெனவே கீழே இறக்கியிருந்தேன். அந்தப் பூஜ்யத்தை நான் படிக்கவில்லை. மூன்று, ஐந்து, ஏழு போட்டால் ஒரு சூத்திரத்துக்கு மூன்று நிமிடம் ஆகும். இரண்டு போட்டால் மனத்திலேயே முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டேன். முப்பத்தெட்டும் பொருந்தின. ஒரு பிசகு கூட இல்லாத அத்தியாயம் என் எட்டு வருடத்தில் அது ஒன்றுதான். அதுவே என்னை நிறுத்தியிருக்க வேண்டும். போட்ட எண்கள் என்ற கட்டத்தில் 2, 2, 2 என்று நேர்மையாகவே எழுதி, கையெழுத்துப் போட்டு, சகாயமேரியின் மேசையில் வைத்துவிட்டு ஐந்து மணிக்குப் படியிறங்கினேன்.

நிறுத்தத்தில் இறங்கிய நந்தினியின் கையில் மஞ்சள் ஹெல்மெட். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னா நைனா, நான் இன்னா எல்கேஜியா படிக்கிறேன்?"

ஆனாலும் வழி நெடுக வேலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். உள்ளே போன் கொண்டுபோக அனுமதி இல்லை, வெளியே அறையில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

"நைனா, டில்லிண்ணா உள்ள வுழுந்துட்டாரு. மேல தூக்கிட்டோம். மூச்சு கீது."

குரல் நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

டில்லி முகத்துவாரக்குப்பத்துக்காரர். படகுக்குப் போகாத நாட்களில் தொட்டி வேலைக்கு வருவார். நந்தினி போட்ட கணக்குப்படி இரண்டு மணி நேரம் காற்று ஊதியிருக்கிறார்கள். பிறகு மேன்ஹோல் வாசலில் வாயு அளவு பார்த்திருக்கிறாள். சரியாகக் காட்டியிருக்கிறது. இடுப்பில் பெல்ட்டும் கயிறுமாக டில்லி இறங்கி, எதிர்ப்பக்கத்தை நோக்கிப் பத்தடி நடந்ததும் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். வாசலில் கயிற்றைப் பிடித்திருந்தவர்களும் நந்தினியும் சேர்ந்து இழுத்து வெளியே எடுத்தார்கள். நான் அரசு மருத்துவமனைக்குப் போனபோது ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். அவர் மனைவி கஸ்தூரி கட்டிலின் கால்மாட்டில் நின்று கணவரின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நந்தினி சுவரோரம் நின்றிருந்தாள். உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடு இருந்தது.

மறுநாளிலிருந்து அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை என்றார்கள். தொட்டியின் விட்டம் ஆறு மீட்டர், உயரம் ஐந்து. அவள் போட்ட கன அளவு நாற்பத்தேழு சொச்சம். உண்மையில் நூற்று நாற்பத்தொன்று. ஆறு மணி நேரம் ஊத வேண்டிய இடத்தில் இரண்டு மணி நேரம். அவள் கையெழுத்தோடு அந்தத் தாள் அவர்களிடம் இருந்தது. உருளையின் கன அளவு கூடவா படிக்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை என் மனைவி செல்வி இட்லித் தட்டை இரண்டு முறை அவள் முன்னால் வைத்து இரண்டு முறையும் எடுத்துக்கொண்டு போனாள். நந்தினி தரையில் உட்கார்ந்து அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"நீ கணக்கு படிச்சவன்தானே நைனா. இத்த பாரு. மனசுல இருந்து போடக்கூடாது, கையேட்டுல இருக்கிறபடிதான் போடணும்னு ரூல். ஸ்கூல்ல ஆரம் வச்சு படிச்சோம். இதுல விட்டம். விட்டத்த ரெண்டால பெருக்கி நாலால வகுத்தா பாதி, அதான் ஆரம் வந்துட்டுதேன்னு நெனச்சேன். எங்க தப்புன்னு இப்பத் தெரியுது. ஆனா இதுல இப்படித்தானே போட்டிருக்கு?"

திரையில் இருந்தது இந்த வரி: 7.12  V = 3.14 d2 h / 4.

எண்ணுக்குப் பிறகு இரண்டு இடைவெளி. எங்கள் பிரிவில் வேறு யாரும் அப்படி விடுவதில்லை. நான்தான் விடுவேன்.

போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அலுவலகம் போய்விட்டு வருகிறேன் என்றேன். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினேன் என்று செல்வி பிறகு சொன்னாள். ஷேர் ஆட்டோவில் காலடிப்பேட்டை தாண்டும்வரை நான் யோசித்ததை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை. அந்த வரியில் என் பெயர் இல்லை. இரண்டு இடைவெளியை என்னைத் தவிர யாரும் கவனிக்கப் போவதில்லை. எனக்கு ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. நந்தினிக்கு இருபத்து மூன்று வயது, வேறு வேலை கிடைக்கும். இப்படியெல்லாம் யோசித்தேன். பிறகு, இந்த வரி நந்தினியின் போனில் மட்டும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு, அந்த நேரத்தில், எந்தத் தொட்டி வாசலில் யார் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ. மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

சகாயமேரியின் எதிரில் நின்று சொன்னேன். அவர் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஏழாம் அத்தியாயத்தின் சரிபார்ப்புத் தாளை எடுத்து வந்து மேசையில் விரித்தார். முப்பத்தெட்டு டிக். பக்கத்தில் முப்பத்தெட்டு முறை 2, 2, 2. கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே அவருடையது.

"அன்னிக்கு நான் டிக்கை எண்ணுனேன்ணே. நம்பரைப் பாக்கல." கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். "ஒளிச்சிருந்தாலாச்சும் பரவால்ல. தெளிவா எழுதி வச்சிகீறீங்க. பாக்கத்தான் ஆள் இல்ல."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் போனை எடுத்தார். "மொதல்ல அத்த நிறுத்துவோம். அப்பால ஒக்காந்து அழலாம்" என்றார். பயிற்சி அமைப்பிடம், எங்கள் பிழை என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னார். அரை மணி நேரத்தில், ஏழாம் அத்தியாயத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்ற செய்தி எல்லாருக்கும் போனது.

பிறகு இருவரும் உட்கார்ந்தோம். அவர் அச்சுப் பக்கத்தைப் பார்த்துக் கையால் போட்டார், நான் கறுப்புத் திரையில் தட்டினேன். மூன்று, ஐந்து, ஏழு. அவர் விடையை வாய்விட்டுச் சொல்வார், நான் என் விடையைச் சொல்வேன். 7.12 வந்தபோது அவர் முப்பத்தைந்து புள்ளி மூன்று என்றார். என் திரையில் இருபத்து மூன்று புள்ளி ஐந்து ஐந்து என்று இருந்தது. அவர் காத்திருந்தார். சொன்ன பிறகுதான் தாளைத் திருப்பினார். மொத்தம் நான்கு சூத்திரங்கள் தவறு. நான்கிலும் ஒரு வர்க்கம் கீழே இறங்கியிருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டி முடித்தோம். பிழை எப்படி நடந்தது என்று ஒரு கடிதம் எழுதினோம். என் பெயரை மட்டும் போடச் சொன்னேன். அவர் தன் பெயரையும் எழுதினார்.

"வூட்ல சொல்ட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"அங்க நம்பர் போட முடியாதுண்ணே. நேரா சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து நந்தினியிடம் சொன்னேன். செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். நந்தினி என் முகத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள். அந்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அன்னிக்கு இன்னா அவசரம் நைனா ஒனக்கு?"

அதற்குப் பதில் சொல்வது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. "உன்னைக் கூட்டியாரத்தான்" என்றேன்.

"நான்தான் வராதேன்னு சொன்னேனே" என்றாள். அவ்வளவுதான். எழுந்துபோய் இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு ஆறிப்போனதையே சாப்பிட்டாள். கயிறு அறுத்த கையால் பிட்டுச் சாப்பிட முடியாமல் கரண்டி கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அச்சுப் பக்கத்தையும் எங்கள் வரியையும் சரிபார்ப்புத் தாளையும் எடுத்துக்கொண்டு விசாரணைக்கு நானும் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பொறியாளர் நல்ல மனிதர். இரண்டு போட்டால் எப்படிப் பொருந்தும் என்று தானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். 6.28. இரண்டு வரிக்கும் அதே விடை. பிறகு ஆறும் ஐந்தும் போட்டார். திரையைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். நந்தினியிடம், வாசலில் மட்டும் அளவு பார்த்தது ஏன் என்று கேட்டார்கள். எதிர்ப்பக்கத்திலும் குழாய் விட்டுப் பார்த்திருக்க வேண்டும், அது தன் தவறு என்று அவள் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு மாதம் கழித்து அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு நிறுவனம் எழுத்தில் ஒரு கண்டிப்பு கொடுத்து, மிச்ச மாதங்களுக்கு இதழ்ப் பிரிவுக்கு மாற்றியது. அது நியாயம்தான்.

விசாரணைக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நந்தினியும் நானும் முகத்துவாரக்குப்பம் போனோம். டில்லி வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. படகு நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய குப்பையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தார். "கணக்குக் குடும்பம் வந்துகீது. ஒக்காருங்க" என்றார். குரலில் வரவேற்பு இல்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். தாளில் சூத்திரத்தை எழுதி, எங்கே இருக்க வேண்டிய இரண்டு எங்கே வந்தது என்று காட்டினேன். கஸ்தூரி தாளை வாங்கிப் பார்த்தார்.

"இம்மாத்தூண்டு ரெண்டு. இதுக்குத்தான் எம்புருசன் வாயில நொர தள்ளுச்சா?"

டில்லி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப மேல ஏறிடுச்சா சார் அது?"

ஏற்றிவிட்டோம், சரியான வரியை எல்லாருக்கும் அனுப்பியாகிவிட்டது என்றேன்.

"அனுப்சது வேற சார், வந்தது வேற." சட்டைப்பையிலிருந்து பொத்தான் போனை எடுத்து நந்தினியிடம் நீட்டினார். "என்னுதுல கீதா பாரும்மா."

நந்தினி பார்த்தாள். இல்லை. செய்திப் பெட்டி நிரம்பியிருந்தது, புதியது எதுவும் உள்ளே வரவில்லை. பழைய 7.12 அப்படியே இருந்தது. அவள் அதை அழித்தாள். வேண்டாத செய்திகளை அழித்து இடம் பண்ணினாள். தன் போனிலிருந்து சரியான வரியை அனுப்பினாள். போன் சிணுங்கியது. டில்லி அதை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் படித்தார். "நம்பர் இன்னாவோ போடுவீங்களாமே. போடுங்க பாக்கலாம்" என்றார்.

நந்தினி விட்டத்துக்கு மூன்றும் உயரத்துக்கு ஐந்தும் வைத்து அவர் போனிலேயே தட்டினாள். நான் தாளில் கையால் போட்டேன். முப்பத்தைந்து புள்ளி மூன்று என்றேன். அவளும் அதையே சொன்னாள். கஸ்தூரி உள்ளே போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிரிவுப் பிள்ளைகளுக்கு நான் எழுத வேண்டியது இவ்வளவுதான். புது மென்பொருள் அடுக்கைக் கீழே இறக்காமல் இருக்கலாம். வேறு எதையாவது இறக்கும். மூன்று, ஐந்து, ஏழு போடுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் டிக்கைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். அன்றைக்கு வீட்டில் யாரையாவது நினைத்து மனசு கிடந்து அடித்துக்கொண்டால், அந்தக் கோப்பை மூடி வைத்துவிட்டு மறுநாள் திறங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு மாலை நான்கு மணிக்கு நான் எண்ணூர் பக்கம் போய்விடுகிறேன். ஷிப்ட் முடிந்து தொட்டி வேலைக்காரர்கள் டீ குடிக்க நிற்கும் கடை ஒன்று இருக்கிறது. டில்லி என்னை அங்கே அறிமுகம் செய்து வைத்தார். போனைக் கொடுங்கள் என்று கேட்டால் முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். இப்போது பழகிவிட்டார்கள், அவர்களே நீட்டுகிறார்கள். 7.12 எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். பழையதாக இருந்தால் மாற்றி, எண் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். ஐந்தரைக்கு நந்தினி வருவாள், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி. இப்போது வராதே என்று அவள் சொல்வதில்லை.

"இன்னிக்கு எத்தினி நைனா?" என்று கேட்பாள்.

நேற்று இரண்டு என்றேன். என்றைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்வேனோ, அதற்கப்புறமும் கொஞ்ச நாள் வந்து பார்க்க வேண்டும்.